மிச்சத் துணியும் மீந்த நேரமும்

அமெரிக்காவின் பழம்பொருள் கடைகளில் அடிக்கடி ஒன்றைப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான பிட்டுத் துணிகளைத் தைத்துச் சேர்த்து, கட்டில் அளவுக்கு வந்துவிட்ட ஒரு விரிப்பு. திருப்பிப் பார்த்தால் அத்தனை தையல் மடிப்பும் பிசிறும் அப்படியே தெரியும். உள்ளே பஞ்சு இல்லை, அடியில் துணி இல்லை, ஓரம் அடிக்கவில்லை. அங்கே இதை 'டாப்' என்பார்கள். குயில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வையின் மேல்பாகம் மட்டும் முடிந்து, மீதி வேலை நடக்காமலே போயிருக்கும். 1930களில் யாரோ ஒரு பெண் தைத்து, மடித்துப் பெட்டியில் வைத்தது பேத்தி காலத்தில் வெளியே வந்திருக்கும்.

ஏன் முடியவில்லை? சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கையால் தைத்தவருக்குச் சோம்பல் ஏது? கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும்.

60 அங்குல அகலம், 78 அங்குல நீளத்தில் ஒரு போர்வை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அங்குலச் சதுரங்களாகத் தைத்தால் 130 சதுரம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சதுரமும் மடியில் அடங்கிவிடும். அடுப்பில் பீன்ஸ் வேகும் நேரத்தில் ஒன்று தைக்கலாம். குழந்தை தூங்கும்போது ஒன்று. விருந்தாளியோடு பேசிக்கொண்டே ஒன்று. நடுவில் எழுந்து போனாலும் கெட்டுப்போவது எதுவும் இல்லை. வெட்டுத்துணிக்குக் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை, சட்டை தைத்த மிச்சமும் கிழிந்த பாவாடையும் வீட்டிலேயே கிடக்கும். வீட்டு வேலைக்கு நடுவே கிடைக்கும் கால் மணி, அரை மணிக்கென்றே வடிவெடுத்த வேலை இது.

முடிப்பது அப்படி இல்லை. 130 சதுரத்தையும் இணைத்தாகிவிட்டது. இனி போர்வை முழுவதற்கும் அகலமான அடித்துணி வேண்டும். நடுவில் பரப்பப் பஞ்சு வேண்டும். மூன்று அடுக்கையும் சுருக்கம் விழாமல் விரிக்க இடம் வேண்டும். பிறகு மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட வேண்டும். பஞ்சு ஒரு பக்கமாகத் திரளாமல் இருக்க, கை அகலத்துக்கு ஒரு வரியாவது ஓட வேண்டும். 'குயில்ட் பண்ணுவது' என்று அவர்கள் சொல்வது இந்தக் கடைசி வேலையைத்தான். இதை மடியில் வைத்துக்கொண்டு கால் மணி, கால் மணியாகச் செய்ய முடியாது. பணமும் இடமும் தொடர்ந்த நேரமும் கேட்கும் வேலை. பெட்டியில் தூங்கும் டாப்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் பற்றாக்குறை இருக்கிறது.

அதனால்தான் முடித்தவர்களின் கதை சொல்லத் தக்கது என்று தோன்றுகிறது. வசதியே இல்லாத வீடுகளில், கைக்குழந்தையும் வயல்வேலையும் இருந்த வீடுகளில், போர்வைகள் எப்படி முடிந்தன?

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நான்கு மரச்சட்டங்களைச் சேர்த்துக் கட்டி, அதில் போர்வையை இழுத்துப் பூட்டி, உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடுவார்கள். பகலில் சட்டத்தை இடுப்பளவுக்கு இறக்கிச் சுற்றி உட்கார்ந்து தைப்பது. இரவானால் கூரைக்கு ஏற்றிவிட்டு அடியில் பாய் படுக்கை போடுவது. ஒரே அறைதான் சமையலுக்கும் தூங்குவதற்கும் தையலுக்கும். சின்னக் குழந்தைகள் அந்தச் சட்டத்துக்கு அடியில் உட்கார்ந்து, ஊசிமுனைகள் வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நூல் கோப்பது அவர்கள் வேலை. மேல்பாகத்தை ஒருத்தி தனியாகத் தைத்திருப்பாள். சட்டத்தில் ஏறியதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிடுவார்கள். இன்று என் வீட்டில், நாளை உன் வீட்டில்.

இந்த முறையை இருபதாம் நூற்றாண்டு நெடுகவும் காப்பாற்றிய ஓர் ஊர் அலபாமா மாநிலத்தில் இருக்கிறது. வில்காக்ஸ் கவுண்டியில் அலபாமா ஆறு பெரிதாக ஒரு வளைவு எடுக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர், உள்ளே ஜீஸ் பெண்ட். 1816இல் ஜோசப் ஜீ என்பவர் அடிமைகளைக் கொண்டுவந்து அங்கே பருத்தித் தோட்டம் அமைத்தார். 1845இல் தோட்டம் மார்க் பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. அடிமைமுறை ஒழிந்த பிறகும் அந்த மக்கள் அங்கேயே குத்தகைக்கு உழுது பிழைத்தார்கள். இன்றும் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெட்வே என்ற குடும்பப் பெயர்தான். ஒருவருக்கொருவர் இரத்த உறவு இல்லாதவர்களுக்கும் அதே பெயர், முதலாளியின் பெயர்.

1932இல் அந்த ஊருக்கு வந்த துன்பம் மிகப் பெரியது. பருத்தி விலை சரிந்திருந்த காலம். ஊர்க்காரர்களுக்குக் கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்துபோக, அவருடைய குடும்பம் கடனுக்கு ஈடாக மாடு, கலப்பை, தானியம், விதை என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் வண்டியேற்றிக்கொண்டு போய்விட்டது. அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவை வைத்துத்தான் பலர் கடந்தார்கள். பிறகு ரூஸ்வெல்ட் அரசு நிலத்தை வாங்கி, கடன் கொடுத்து, வீடு கட்டிக் கொடுத்தது.

1937இல் அரசுப் புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டீன் அங்கே போய்ப் படம் எடுத்தார். அவருடைய படங்களில் ஒன்றில் ஜோரீனா பெட்வே என்ற பெண் தன் குயில்ட்டோடு இருக்கிறார், பக்கத்தில் இரண்டு சிறுமிகள். அந்த ஊர் மரவீடுகளின் சுவர்களில் செய்தித்தாள்களை ஒட்டியிருப்பதையும் படங்களில் பார்க்கலாம். அது அலங்காரத்துக்கு ஒட்டியதல்ல, இடுக்கு வழியே வரும் குளிர்காற்றை அடைக்க. அந்தக் குளிரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் ஜீஸ் பெண்ட் போர்வைகளின் ஒவ்வொரு முடிவும் புரியும். பிள்ளைகள் நிறையப் பேர், போர்வை ஒன்றிரண்டு போதாது. கீழே விரிக்க, மேலே போர்த்த, சுவரிடுக்கில் தொங்கவிட. குளிர்காலத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

துணி? வயலில் போட்டுத் தேய்ந்த டெனிம் கால்சட்டை, சாக்குத் துணி, மாவுப்பை. முட்டியில் தேய்ந்த இடத்தை வெட்டித் தள்ளினால் அதற்கு மேலும் கீழும் நல்ல துணி கிடைக்கும். பாக்கெட் தைத்திருந்த இடம் மட்டும் வெயில் படாமல் கருநீலமாக இருக்கும். பாக்கெட்டைப் பிரித்து எடுத்த பிறகு அந்த நிழல் போர்வையில் நிரந்தரமாகத் தங்கிவிடும். பஞ்சு ஜின்னிங் மில் தரையில் கூட்டிய கழிவு. குச்சியால் அடித்து, தூசியும் விதையும் போக்கிப் பரப்புவார்கள். நூல்கூடப் பல வீடுகளில் மூட்டைத் தையலைப் பிரித்து எடுத்ததுதான்.

மிசூரி பெட்வேயின் போர்வையைச் சொல்லாமல் இந்த ஊரைக் கடக்க முடியாது. 1942இல், கணவர் இறந்த பிறகு தைத்தது அது. அவர் வயலுக்கு உடுத்திப்போன உடுப்புகளை மிசூரி ஒன்றுசேர்த்து, கிழித்து, பட்டை பட்டையாகத் தைத்துப் போர்வையாக்கினார். மகள் ஆர்லோன்சியா கூட இருந்து உதவினார். அப்பாவை நினைத்துக்கொண்டு அந்தத் துணிக்கடியில் படுத்திருக்கவே அம்மா அதைத் தைத்தார் என்று பிற்காலத்தில் மகள் சொன்னார். நீலம் வெளுத்து, சாம்பலும் பழுப்பும் கலந்த அந்தப் போர்வை இப்போது வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அழகுக்காக என்று அதில் எதுவும் சேர்க்கப்படவில்லை. அப்படியிருந்தும் பார்த்த கண்ணை எடுக்க முடிவதில்லை.

லொரெட்டா பெட்வே இன்னொரு விதம். தையல் தனக்குப் பிடித்த வேலையே அல்ல என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளைக் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டும், அதனால் தைத்தார். நீளப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைக்கும் ஒரு முறை அந்த ஊரில் உண்டு. அதற்குச் 'சோம்பேறிப் பெண்' என்று பொருள்படும் 'லேசி கால்' என்று பெயர். மிக வேகமாக முடியும் முறை. லொரெட்டா 1965இல் அந்த முறையில் தைத்த போர்வை இன்று உலகம் கொண்டாடும் ஜீஸ் பெண்ட் படைப்புகளில் ஒன்று. விருப்பத்தோடு செய்தால்தான் நல்ல வேலை வரும் என்று நம்புகிறவர்கள் அந்தப் போர்வை முன் சற்று நிற்க வேண்டும்.

1960களில் இந்தத் தையல் அரசியலோடும் சேர்ந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கேம்டன் நகரத்துக்குப் போய் ஜீஸ் பெண்ட் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய முயன்றபோது, 1962இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன்பின் சாலை வழியே சுற்றிக்கொண்டு சுமார் 40 மைல் போக வேண்டும். படகு மீண்டும் ஓடியது 2006இல். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். அடுத்த ஆண்டு, பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாரின் முயற்சியில், எஸ்டெல் விதர்ஸ்பூன் போன்ற உள்ளூர்ப் பெண்கள் சேர்ந்து 'ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் ஏலம் போட்டார்கள். பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. வாக்குரிமைக்காக நின்றதால் வேலையும் குடியிருப்பும் இழந்த குடும்பங்களுக்கு அந்தப் பணம் கஞ்சி ஊற்றியது.

பெரிய கடைகளுக்கு ஒரே மாதிரி தையல், ஒரே மாதிரி அளவு வேண்டும். வீட்டில் அவரவர் போக்கில் தைத்துப் பழகிய கைகளுக்கு அது புதிது. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. வேலை முடிந்து மிஞ்சிய வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக வீடுகளுக்குப் போனது: பொன்மஞ்சள், அவகாடோ பச்சை, சிவப்பு. எழுபதுகளில் ஜீஸ் பெண்ட் போர்வைகளின் நிறமே மாறிவிட்டதற்கு அதுதான் காரணம். கடைக்கு ஒரே அச்சில் தைத்த அதே கைகள், இரவில் மிச்சத்தை வைத்துத் தங்கள் இஷ்டத்துக்குத் தைத்தன.

ஆன்னி மே யங் 1976இல் தைத்த ஒன்று அப்படி வந்தது. நடுவில் சிவப்பும் பழுப்பும் மஞ்சளுமாகக் கார்டுராய்ப் பட்டைகள், சுற்றிலும் வெளுத்த டெனிம். புகைப்படக்காரர் ரோலண்ட் ஃப்ரீமன் எடுத்த ஒரு படத்தில் அந்தப் போர்வை இருந்தது. அதைப் பார்த்த வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் 1998இல் ஆன்னி மேயைத் தேடிக்கொண்டே வந்துவிட்டார். அவர் தேடியது கந்தல் என்று ஊரே நினைத்த பொருளை. பழம்போர்வைகளை எரித்துப் புகைபோட்டுக் கொசு விரட்டுவதுகூட அங்கே வழக்கம். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஜீஸ் பெண்ட் போர்வைகள் சுவரேறின. அதே விட்னி 1971இலும் ஒரு குயில்ட் கண்காட்சி நடத்தியது. அதில் பெரும்பாலானவற்றைத் தைத்தவர் யார் என்று தெரியாது. 2002இல் ஒவ்வொரு போர்வைக்கும் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அந்தப் போர்வைகளின் படத்தோடு பத்துத் தபால்தலைகள் வெளியிட்டது. புகழ் வந்த வேகத்தில் பணம் வரவில்லை என்று சில பெண்கள் 2007இல் நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2015இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே மூவருக்கும் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது. 2021 முதல் ஊர்ப் பெண்கள் சிலர் எட்சி இணையக் கடையில் தாங்களே விற்கிறார்கள்.

ஜீஸ் பெண்டுக்கு வெளியே, கொஞ்சம் வசதியான பண்ணை வீடுகளில் கதை சற்று வேறு. அங்கே துணி மாவுப்பையிலிருந்தும் கோழித்தீவனப் பையிலிருந்தும் வந்தது. பெண்கள் பையைத் துணியாக்குகிறார்கள் என்று ஆலைகளுக்குத் தெரிந்ததும், 1920களின் நடுவிலிருந்து பூப்போட்ட, கட்டம் போட்ட பைகளாகவே அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்கள். 100 பவுண்டு தீவனப் பையைப் பிரித்தால் ஒரு கஜத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் துணி. மூன்று பை இருந்தால் ஒரு கவுன். அதனால் தீவனம் வாங்கப் போகும் கணவனிடம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பூவோடு பொருந்துகிற பையாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி அனுப்புவது வழக்கமானது. கவுன் தைத்த மிச்சம் போர்வைக்கு. விரல் அகலத்துக்கும் குறைந்த நாடா போன்ற துண்டுகளைக்கூட விடவில்லை. செய்தித்தாளையோ கடைப் பட்டியல் தாளையோ சதுரமாக வெட்டி, அதன்மேல் வரிசையாக வைத்துத் தைத்தார்கள். தைத்து முடித்ததும் தாளைக் கிழித்துவிடலாம். முடிக்காமல் விட்ட டாப்களில் அந்தத் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலுள்ள தேதியைப் பார்த்து எந்த ஆண்டுக்குப் பிறகு தைத்தது என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது துணிக்குப் பஞ்சமில்லை. இன்றைய அமெரிக்கக் குயில்ட்காரர்களின் வீடுகளில் அலமாரி அலமாரியாகத் துணி இருக்கிறது. தள்ளுபடியில் வாங்கியது, தோழி கொடுத்தது, இறந்துபோன அத்தையின் பெட்டியோடு வந்தது. முடியாத டாப்களும் அதே அளவுக்குப் பெருகிவிட்டன. எல்லாத் துணியும் கைக்கெட்டும்போது எதை வெட்டுவது என்பதே பெரிய வேலையாகிவிடுகிறது. பள்ளி, அலுவலகம், சமையல், வயதான பெற்றோர் என்று நாள் துண்டுபடுவது மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது.

இவர்களுக்குப் பெரிய உதவி செய்தவர் குயில்ட் ஆசிரியர் பானி ஹன்ட்டர். தைத்து மீந்ததைக் குவித்து வைக்காதீர்கள், அன்றைக்கே குறிப்பிட்ட சில அகலங்களில், ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்றரை அங்குலம் என்று பட்டைகளாக வெட்டி வகைக்கொரு டப்பாவில் போடுங்கள் என்றார் அவர். டப்பாவைத் திறந்தால் நேராகத் தைக்க உட்காரலாம். பழைய ஆண்கள் சட்டைகளை வாங்கி வெட்டுவதும் அவருக்குப் பிடித்த வேலை. அமெரிக்கர்கள் இன்றும் 'மெட்ராஸ்' என்றே அழைக்கும் கட்டம் போட்ட பருத்திச் சட்டைகள் நம் ஊர்ப் பெயரோடு அப்படித் துண்டாகிப் போர்வைக்குள் போய்ச் சேரும்.

அவருடைய இன்னொரு யோசனை இன்னும் அருமை. மெஷினில் தையலைத் தொடங்கும்போது நூல் சிக்காமல் இருக்க ஒரு வேண்டாத துணியை ஊசிக்கடியில் கொடுப்பது பலருக்கும் பழக்கம். வரிசை முடிந்ததும் மறுபடி அதே துணி. அந்த இடத்தில் வேண்டாத துணிக்குப் பதில் இரண்டு சின்னச் சதுரங்களைக் கொடுங்கள் என்கிறார் பானி. பெரிய வேலை ஒன்று நடக்கும்போதே, தொடக்கத்திலும் முடிவிலும் விழும் அந்த இணைகள் சேர்ந்து சேர்ந்து, தனியாக நேரமே ஒதுக்காத இரண்டாவது போர்வை ஒன்று வளர்ந்துவிடும். குடும்பத்துக்கு நடுவே தைக்கிறவருக்கு இதைவிட நல்ல வழி சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

பொருந்தாத நூறு துணிகளை ஒன்றுசேர்ப்பதிலும் நுட்பம் இருக்கிறது. நிறப் பொருத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெளிர், அடர் என்று பிரித்தால் போதும். சந்தேகமாக இருந்தால் துணிகளைப் பரப்பி செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்க்கலாம். எது வெளிர், எது அடர் என்று உடனே தெரிந்துவிடும். புதுச் சிவப்பையும் அவுரி நீலத்தையும் தனியாக அலசிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கனத்த டெனிமையும் நைந்த 'வாயில்' துணியையும் பக்கத்தில் வைத்தால் கனத்தது மெல்லியதை இழுத்துக் கிழித்துவிடும்.

முடிக்கும் வேலைக்கும் இன்று வழிகள் வந்துவிட்டன. 'லாங் ஆர்ம்' என்னும் நீளக்கை மெஷின் வைத்திருப்பவரிடம் டாப்பைக் கொடுத்தால், காசு வாங்கிக்கொண்டு மூன்று அடுக்கையும் தைத்துக் கொடுத்துவிடுவார். அன்று சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்த பக்கத்து வீட்டுப் பெண்களின் இடத்தில் இன்று அவர். காசு செலவழிக்க முடியாதவர்கள் வீட்டிலேயே செய்கிறார்கள். அடித்துணியைப் புதிதாக வாங்காமல் அலமாரியில் இருக்கும் பெரிய துண்டுகளை இணைத்துவிடுகிறார்கள். மிஞ்சிய பஞ்சுத் தகடுகளை விளிம்போடு விளிம்பு வைத்து ஜிக்ஜாக் தையலில் சேர்க்கிறார்கள். ஓரம் அடிக்க எட்டு நிறத்தில் எட்டுப் பட்டை. கையால் தைப்பவர்கள் விளிம்பிலிருந்து தொடங்கி, முழங்கை சுழலும் அளவுக்கு வில் வில்லாக ஓட்டுத் தையல் போடுகிறார்கள். தென்மாநிலங்களின் பழைய முறை அது. கோடு வரையவே வேண்டாம், கையின் நீளமே அளவு. தையல் பெரிதாக இருந்தால் குறையில்லை. போர்வை முடிந்து ஒருவர் மேல் கிடக்கிறது என்பதுதான் பெரிது.

யார் மேல் என்று தெரிந்துவிட்டால் வேலையும் வேகமாக நடக்கிறது. 1995இல் கொலராடோவில் தொடங்கிய 'ப்ராஜெக்ட் லைனஸ்' என்ற அமைப்பு, நோயிலும் துன்பத்திலும் இருக்கும் குழந்தைகளுக்குக் கையால் செய்த போர்வைகளைச் சேர்த்துக் கொடுக்கிறது. முடிக்காத சதுரங்களைப் பல ஆண்டுகளாக வைத்திருந்தவர்கள் அதற்காக எடுத்துத் தைக்கிறார்கள். சின்னக் குழந்தைக்கு 36 அங்குலச் சதுரமே போதும். 6 அங்குலச் சதுரம் 36 வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவுக்கு அடித்துணி இணைப்பே இல்லாமல் ஒரே துண்டில் கிடைத்துவிடும், சாதாரண வீட்டுத் தையல் மெஷினுக்கடியில் சிரமமில்லாமல் நுழையும், ஓரத்துக்கு இரண்டரை அங்குலப் பட்டை நாலு இருந்தால் சுற்றி வந்துவிடலாம்.